வெடி போட்ட நேரம்

அரியலூர் கோர்ட்டுக்கு எதிர்ச்சாரியில், ஜெராக்ஸ் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவே நசுங்கினாற்போல் ஓர் அறை. தகரப் பலகையில் ‘தட்டச்சு, மொழிபெயர்ப்பு’ என்று மட்டும் எழுதியிருக்கும். அதற்குள் கமலவேணி உட்கார்ந்து இருபத்தோரு வருடம் ஆகிறது. டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்தது. எதிரே இருந்த புளியமரம் போய் பஸ் நிழற்குடை வந்தது. மாறாதது அவள் வாய் ஒன்றுதான். தேவைக்கு மேல் ஒரு சொல் அதிலிருந்து உதிராது.

காலையில் பெரம்பலூரில் பஸ் ஏறியதும் மடியில் ஒரு புத்தகத்தை விரித்துக்கொள்வாள். பக்கத்தில் உட்காருகிறவர்கள் இரண்டு வார்த்தை பேசிப் பார்த்துவிட்டு, சுவரோடு பேசுவதும் ஒன்றுதான் என்று திரும்பிக்கொள்வார்கள். வீட்டிலும் அப்படித்தான். “உங்கிட்ட ஒரு பேச்சு பேச முடியுதா? தராசுல வச்சு நிறுத்துட்டுத்தான் பதில் சொல்லுவ” என்பார் புருஷன். அவளுக்குக் கோபம் வராது. நிறுக்காமல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைத்துக்கொள்வாள்.

பெரம்பலூர் கல்லூரியில் படித்தபோது இங்கிலீஷ் வாத்தியார் அவள் கட்டுரைத்தாளின் அடியில் ஒரே ஒரு சொல் எழுதிக் கொடுத்தார்: ப்ரிசைஸ். மார்க்கைக்கூட அவள் பார்க்கவில்லை. அந்தச் சொல்லை நூலகத்து அகராதியில் தேடிப் பார்த்தாள். பிறகு தொழிலென்று உட்கார்ந்ததும் அந்தச் சொல் வாரத்துக்கு நாலு தடவையாவது கையில் வந்து விழுந்தது. ஒவ்வொரு தடவையும் வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்தது. நில அளவைப் பத்திரத்தில் வந்தால் ‘இம்மி பிசகாத’ என்று போடுவாள். ஆஸ்பத்திரிக் காகிதத்தில் மருந்தோடு சேர்ந்து வந்தால் ‘அளவு தவறாத’. நேரத்தோடு வந்தால் ‘சரியாக’. மனிதர்களோடு சேர்ந்து வந்தால்தான் சங்கடம். அங்கே அது பாராட்டா வசவா என்று சொல்ல முடியாது. ‘கறாரான’ என்று போட்டுவிடுவாள். வக்கீல்கள் அவளைப் பற்றிப் பேசும்போதும் அந்தச் சொல்லைத்தான் எடுப்பார்கள். “கமலா மேடம் டைப் பண்ணதா? அப்ப படிக்கவே வேணாம், ப்ரிசைஸா இருக்கும்” என்று வக்கீல் தமிழழகன் கட்சிக்காரர்களிடம் சொல்வார். சொல்லிவிட்டு நிஜமாகவே படிக்காமல் கையெழுத்துப் போடுவார்.

சித்திரை பிறந்து பத்து நாள் இருக்கும். பதினொரு மணி வெயிலில் சின்னதுரை வந்து வாசலில் நின்றார். கீழப்பழுவூர்ப் பக்கம், சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை ஒட்டிய ஓர் ஊர் அவருடையது. ஐம்பது வயதுக்கு அறுபது சொல்லலாம். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் சுரங்கத்தில் போட்ட வெடியில் கல் பறந்து வந்து அவர் மனைவி வளர்மதி தலையில் விழுந்தது. சுரங்கத்துக் கரையோரத்திலேயே உயிர் போய்விட்டது. அதற்காக நடந்த விசாரணைக்கு அவருடைய வாக்குமூலத்தை இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தது கமலவேணிதான். அதற்குப் பிறகு இப்போதுதான் அவரைப் பார்க்கிறாள்.

“உக்காருங்கண்ணே. தண்ணி குடிங்க.”

“இருக்கட்டும்மா. இந்தத் தபாலு வந்து இருவது நாளாச்சு. வக்கீலு வூட்டுக்கு மூணு நடை நடந்துட்டேன், ஆளப் புடிக்க முடியல. இதுல என்ன எழுதியிருக்கான்னு மட்டும் சொல்லிடுங்க, போயிடுறேன்.”

பிளாஸ்டிக் உறையிலிருந்து மூன்று தாள்களை எடுத்து நீட்டினார். விசாரணை அறிக்கை. கமலவேணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒருமுறை மனசுக்குள் படித்தாள். இரண்டாவது பக்கத்தில் அவள் விரல் நின்றுவிட்டது.

“சொல்லுங்கம்மா. நல்லதோ கெட்டதோ.”

அவள் எப்போதும்போல் வரிக்கு வரி தமிழில் சொல்லத் தொடங்கினாள். “சுரங்கத்தில் வெடி வைக்க அறிவிக்கப்பட்ட நேரம் பகல் ஒன்றரை மணி. அன்று முறைப்படி எச்சரிக்கைச் சங்கு ஊதப்பட்டது. இறந்தவரின் கணவரே, வெடி சரியாக ஒன்றரை மணிக்கு வெடித்ததாகவும், அதற்கு முன் சங்கு கேட்டதாகவும் தம் வாக்குமூலத்தில் கூறியிருக்கிறார். சுரங்கத்தின் பதிவேடும் அதையே காட்டுகிறது. இரு தரப்பும் ஒரே நேரத்தைச் சொல்வதால் வேறு சாட்சிகளை விசாரிக்கத் தேவை ஏற்படவில்லை. இறந்தவர், அபாய நேரம் என்று தெரிந்தே எல்லைக்குள் சென்றிருக்கிறார். இறப்புக்கு அவருடைய கவனக்குறைவே காரணம்.” நிறுத்தினாள். “ஆட்சேபணை இருந்தா முப்பது நாளுக்குள்ள எழுதிக் குடுக்கணும்னு கடைசியில இருக்கு.”

சின்னதுரை தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்துக் கூட்டித் தமிழ் படிப்பாரே ஒழிய இங்கிலீஷ் எழுத்து அவருக்குத் தெரியாது.

“ஒன்றரைங்குறானே, அது யாரு சொன்னது?”

“நீங்க சொன்னதாப் போட்டிருக்கு.”

“நான் மணியே சொல்லலீங்களேம்மா. ஒன்றரைக்கு எங்கேருந்து வெடிச்சுது? அன்னைக்கு மின்னலும் மழையுமா ஆயி அவன் வெடியே வைக்கல. மழ வுட்டு, மூணே காலுக்குல்ல வச்சான்? ஊருக்கே தெரியுமே.”

வெளியே டீக்கடையில் யாரோ கிளாசைக் கழுவிக் கவிழ்க்கும் சத்தம் கேட்டது. கமலவேணி எழுந்து அலமாரியைத் திறந்தாள். வருடவாரியாகக் கட்டி வைத்த நகல்கள். எடுக்க அதிக நேரம் பிடிக்கவில்லை. மூன்றாவது பத்தியிலேயே இருந்தது. மணி ஒன்றரை, அதற்கு முன்னால் ‘ப்ரிசைஸ்லி’. அடியில், தமிழில் படித்துக் காட்டி அவர் புரிந்துகொண்ட பிறகு கையெழுத்து வாங்கியதாக அவளுடைய சான்று, அவளுடைய ஒப்பம். நகலின் முதுகில் ஊசி போட்டுக் குத்தியிருந்தது அன்றைக்கு அவள் குறிப்பெடுத்த துண்டுத்தாள். அதில் பென்சிலில் அவர் சொன்னபடியே இருந்தது: ‘சங்கு ஊதுனாங்க. வெடி போட்டப்ப கல்லு வந்து வுழுந்துச்சு.’ மணி இல்லை.

அந்த நாள் அவளுக்கு ஞாபகம் இருந்தது. மூன்று பேர் வாசலில் காத்திருந்தார்கள். சின்னதுரைக்கு வக்கீலான தமிழழகன் போனில் கத்தினார்: “விசாரிக்க வந்திருக்கவன் வடக்கத்தியான் மேடம். வெடி போட்டப்பன்னு எழுதுனா அவனுக்கு என்ன எழவு புரியும்? டைம் ப்ரிசைஸா வரணும். நாலு மணிக்கு அனுப்பணும்.” அவள் எதிரே உட்கார்ந்திருந்த மனிதரிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவே இல்லை. வெளியூர்க்காரி ஒருத்தி அந்த நாற்காலியில் இருந்திருந்தால் கேட்டிருப்பாள். கமலவேணி சுரங்கத்துக்கு இரண்டு கல் தொலைவில் பிறந்தவள். அவள் ஊரில் பகல் வெடிக்குத்தான் பள்ளிக்கூடத்தில் சோற்றுமணி அடிப்பார்கள். வயலில் இருப்பவர்கள் கரையேறுவார்கள், கைக்குழந்தைகள் திடுக்கிட்டு விழித்து அழும். கடிகாரம் நின்றுபோனால் வெடியைக் கேட்டு முள்ளைத் திருப்பி ஒன்றரையில் வைப்பார்கள். வெடி என்றால் ஒன்றரை. கிழக்கு எது என்று யாரும் கேட்பதில்லையே, அதுபோல.

அதையாவது மன்னிக்கலாம். அதற்கடுத்து அவள் செய்தது இன்னொன்று. படித்துக் காட்டும்போது தாளில் இருந்ததைப் படிக்கவில்லை. அவர் முகம் இருந்த இருப்பைப் பார்த்து, கோர்ட்டு வார்த்தைகளை எல்லாம் அவர் காதில் போடுவானேன் என்று, துண்டுத்தாளைப் பார்த்து அவர் பேச்சையே அவருக்குத் திருப்பிச் சொன்னாள். “சங்கு ஊதுனாங்க, வெடி போட்டப்ப கல்லு வந்து விழுந்துச்சு. சரிங்களா?” அவர் தலையாட்டினார். தன் சொல்லுக்குத்தானே எவனும் தலையாட்டுவான்.

வக்கீல் கேட்டார் என்று சொல்லலாம். அவசரம் என்று சொல்லலாம். இரண்டும் உண்மைதான். கமலவேணி நகலை மேசைமேல் வைத்தாள். அதை நீவிவிட்டாள்.

“நீங்க மணி சொல்லலண்ணே. நான்தான் போட்டேன். உங்களக் கேக்காம போட்டேன்.”

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாயிருக்கும் என்றும் இருந்தது. அவரோ கவனக்குறைவு என்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

“அப்ப, தெரிஞ்சே போனான்னு அவமேல எழுதிப்புட்டான்.”

“ஆமா.”

“அவளாப் போகலம்மா.”

கமலவேணி நிமிர்ந்து பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. எதிரே கோர்ட்டு மதிலில் வெயில் ஏறுவதைப் பார்த்தபடி, ஒவ்வொரு சொல்லாக, முள் எடுப்பதுபோல் எடுத்துப் போட்டார்.

“சங்கு ஊதுனதுமே ரெண்டு பேரும் வூட்டுக்குள்ள வந்துட்டோம். மழ புடிச்சுகிச்சு. ஒன்றரையும் ஆச்சு, ரெண்டும் ஆச்சு, வெடியக் காணோம். மூணு மணிக்கு மழ வுட்டுச்சு. ஆடு நாலும் சுரங்கத்துக் கரையோரம் கட்டிக் கெடந்துச்சு, நனைஞ்சு கத்துச்சு. போயி அவுத்துட்டு வாடின்னேன். சங்கு ஊதுனாங்களே, இன்னும் வெடிக்கலயேன்னா. நான்…” வேட்டி நுனியை விரலில் சுற்றினார். “கம்பெனிக்காரன் உன்னமாதிரி நேரங்கெட்ட நேரத்துல ஒல வைக்கிறவனா? ஒன்றரைன்னா ஒன்றரைதான். இனிமே நாளைக்குத்தான், போடி பயந்தாங்கொள்ளின்னேன். நான் கட்டில்ல கெடந்துகிட்டுதான் சொன்னேன்.”

அவர் சொல்லி முடித்த பிறகும் அந்த அறையில் பேச்சு முடிந்ததாகத் தெரியவில்லை. அவர் அன்றைக்கு மணியைச் சொல்லாமல் விட்டது மறதியால் அல்ல என்பது கமலவேணிக்குப் புரிந்தது. மூன்றே கால் என்று சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி, அவ்வளவு நேரம் வீட்டுக்குள் இருந்தவள் ஏன் போனாள் என்பது. அந்தக் கேள்வி வராமலிருக்க அவர் ஓர் இடத்தைக் காலியாக விட்டார். அந்தக் காலி இடத்தில் அவள் ஒரு மணியைப் போட்டு நிரப்பினாள். இருவருமாகச் சேர்ந்து செத்தவள் தலையில் இரண்டாவது கல்லைப் போட்டிருக்கிறார்கள்.

“எம்மவளுக்கு இது தெரியாதும்மா” என்றார். “பெரம்பலூர்ல நர்சுக்குப் படிக்கிறா. அன்னைக்கு ஆஸ்டல்ல இருந்தா. வெடின்னதும் ஒன்றரைன்னு அவளா நெனச்சுகிட்டா, நானும் மாத்திச் சொல்லல. சங்கு ஊதுனப்பறம் எவளாச்சும் கரைக்குப் போவாளா, எங்கம்மாவுக்குப் புத்தி இல்ல, ஆடுதான் பெருசாப் போச்சு, என்னைய நெனச்சுதா அதுன்னு அன்னைக்கே சொன்னா. ஒன்றரை வருசமாச்சு, அவ அம்மா போட்டோவுக்கு ஒரு பூ வைக்கல. நானும் கேட்டுகிட்டுதான இருக்கேன்.”

“ஆட்சேபணை எழுதலாம்ணே. இன்னும் பத்து நாள் இருக்கு. ஊர்ல நாலு பேரு மணிக்குச் சாட்சி சொல்லுவாங்க. நான் பண்ண தப்ப நானும் எழுதிக் குடுக்குறேன்.”

“மணிய மட்டும் மாத்தி எழுதுனாப் போதாதா?”

“ஏன் முன்னாடியே சொல்லலன்னு கேப்பாங்க. ஏன் போனாங்கன்னும் கேப்பாங்க.”

அவர் எழுந்தார். தாள்களை உறைக்குள் பழையபடி மடித்து வைத்தார். “நெனச்சுச் சொல்றேன்” என்று படியிறங்கினார்.

அன்று சாயங்காலம் கமலவேணி தமிழழகனின் ஆபீசுக்குப் போனாள். அவர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார். நகலையும் துண்டுத்தாளையும் அவர் முன்னால் வைத்தாள். படித்ததும் அவர் கை நின்றது.

“நான் டைமக் கேக்கச் சொன்னேன் மேடம். போடச் சொல்லல.”

“ஆமா சார்.”

“இப்ப என்ன பண்ணலாம்ங்குறீங்க?”

“கேக்காம போட்டேன், படிச்சுக் காட்டாம கையெழுத்து வாங்குனேன்னு நான் ஒரு அபிடவிட் குடுக்குறேன்.”

அவர் சிரித்தார். சிரிப்பில் பயமும் இருந்தது. “உங்க கழுத்த நீங்களே அறுத்துக்கணுமா? படிச்சுக் காட்டலன்னு ஒரு எடத்துல எழுதிக் குடுத்தீங்கன்னா, இருவது வருசமா நீங்க ஒப்பம் போட்ட அத்தனையையும் எதிர்த்தரப்பு தோண்டுவான். என் கேசு மட்டும் நாப்பது இருக்கு. அப்புறம் எந்த வக்கீலு உங்க வாசப்படிய மிதிப்பான்? டைப்பிங் மிஸ்டேக்குன்னு போடுங்க. ஒரு நம்பரு மாறிப்போச்சு, முடிஞ்சுது.”

“நம்பரு மாறல சார். அங்க நம்பரே இல்ல.”

“ரொம்ப ப்ரிசைஸா இருக்காதீங்க மேடம்.”

அந்தச் சொல்லை அவர் இந்த அர்த்தத்தில் அவளிடம் பயன்படுத்தியது அதுதான் முதல் தடவை. அவள் காகிதங்களை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பஸ்ஸில் புத்தகத்தை விரித்தாள். பெரம்பலூர் வரும்வரை ஒரே பக்கம்தான் திறந்திருந்தது.

எட்டாம் நாள் சின்னதுரை வந்தார். தனியாக வரவில்லை. கூடவே ஒரு பெண், தோளில் பை, நர்சிங் கல்லூரியின் அடையாள அட்டை கழுத்திலேயே தொங்கியது. அகலமான நெற்றி அம்மாவுடையதாக இருக்க வேண்டும், அப்பாவுடையது அல்ல.

“தமிழ்மொழி. எம்பொண்ணு” என்றார். அவர் குரல் பாதியாகிவிட்டிருந்தது. “தபாலப் பாத்துட்டா. வரேன்னு நின்னா.”

“அப்பா ஒன்னும் வாயத் தொறக்க மாட்டேங்குறாரு மேடம்” என்றாள் தமிழ்மொழி. “லெட்டர நான் படிச்சேன். சரியாத்தான எழுதியிருக்கான்? இதுக்கு எதுக்கு ஆட்சேபணை? அது மேல தப்பு இல்லன்னு எழுதி யார ஏமாத்தப் போறோம்?”

அம்மாவை ‘அது’ என்று அவள் சொன்னதில் பாசமும் இருந்தது, அந்தப் பாசத்தின் மேல் ஒன்றரை வருடமாக ஊற்றி இறுகிப்போன ஏதோ ஒன்றும் இருந்தது.

கமலவேணி சின்னதுரையைப் பார்த்தாள். “சொல்லுங்கண்ணே. நீங்க சொல்றதத்தான் எழுதுவேன்.”

“அன்னைக்கு உங்ககிட்ட சொன்னேன்ல.”

“எல்லாமேவா?”

அவர் மகளை ஒருமுறை பார்த்தார். நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். பிறகு, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத ஓர் அசைவாகத் தலை கீழே போய் வந்தது.

அவள் தட்டச்சு செய்தாள். அரை மணி நேரம் அறைக்குள் விசைகளின் சத்தம் மட்டும்தான். தமிழ்மொழி சுவரோரம் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் ஒருமுறை, “மூணே காலுன்னா மூணு பதினஞ்சா, சுமாரா?” என்று கமலவேணி கேட்டாள். “பள்ளிக்கூடம் வுட மணி அடிக்கல. பால்காரன் வந்துட்டுப் போயிருந்தான். சுமாராத்தாம்மா” என்றார். சுமாராக என்றே போட்டாள்.

அச்சுத்தாள் இரண்டு வெளியே வந்தது. அவள் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள்.

“படிச்சுக் காட்டுறேன். தாள்ல இருக்குறபடியே படிப்பேன். தப்பா இருந்தா நிறுத்துங்க.”

முதல் பத்தியைப் படித்தாள்: அவர் பெயர், ஊர், உறவு. இரண்டாவது: அன்று பகல் ஒன்றரைக்குச் சற்று முன்பு சங்கு ஊதியது, இருவரும் வீட்டுக்குள் வந்தது. மூன்றாவது: மின்னலால் ஒன்றரைக்கு வெடி வைக்காமல் போனது, சுமார் மூன்றே காலுக்கு மறுபடி சங்கு ஊதாமலே வெடித்தது.

தமிழ்மொழி போனிலிருந்து முகத்தை எடுத்தாள். “மூணே காலா? ஒன்றரைக்கு இல்லயா?”

“இல்ல தமிழு” என்றார் சின்னதுரை.

“அப்ப அம்மா…” அவள் கண்கள் அங்குமிங்கும் ஓடின. “சங்கு ஊதாம வச்சானா? அப்ப அம்மாவுக்கு எப்புடித் தெரியும்? அம்மா மேல என்ன தப்பு?” ஒரு கணம் அந்த முகத்திலிருந்து ஒன்றரை வருடம் கழன்று விழுந்தது. அவள் அப்பாவின் தோளைத் தொட்டாள். “ஏம்ப்பா இத்தன நாளா இதச் சொல்லல?”

நான்காவது பத்தி கமலவேணியின் கண்ணெதிரே இருந்தது. நான்கே வரி. சின்னதுரை தலையைத் தூக்கவில்லை. தோளில் மகளின் கை. அந்தக் கை ஒன்றரை வருடம் கழித்து அங்கே வந்திருக்க வேண்டும், அது எடுபட்டுவிடுமோ என்று அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

தாளில் இருப்பது இருக்கட்டும். இந்த நான்கு வரியை இப்போது வேறு மாதிரி சொல்லிவிடலாம். ‘மழை விட்டதும் இறந்தவர் ஆடுகளை அவிழ்த்துவரச் சென்றார்.’ பொய் இல்லை. அந்தப் பெண் இன்று ராத்திரி அம்மா படத்துக்குப் பூ வைத்துவிட்டு அப்பாவுக்குச் சோறு போடுவாள். இங்கிலீஷ் தெரிந்த பெண்தான், ஆனால் தாளை வாங்கிப் பார்க்கும் நிலையில் இல்லை. அன்றும் இதே மேசை, இதே நாற்காலி. அன்றும் இப்படி ஓர் இரக்கம்தான் வந்தது.

தமிழ்மொழி, “மேல படிங்க மேடம்” என்றாள்.

கமலவேணி படித்தாள். “நான்காவது. அன்று வெடி இனிமேல் கிடையாது என்று நான் நினைத்தேன். ஆடுகளை அவிழ்த்து வரும்படி என் மனைவியிடம் நான்தான் சொன்னேன். இன்னும் வெடிக்கவில்லையே என்று அவள் தயங்கினாள். இனி நாளைக்குத்தான் என்றும், பயந்தாங்கொள்ளி என்றும் சொல்லி அவளை அனுப்பினேன். நான் கட்டிலில் படுத்திருந்தேன். இதை முந்தைய வாக்குமூலத்தில் நான் சொல்லவில்லை.”

கை தோளிலிருந்து எடுக்கப்பட்டது. வெடுக்கென்று இல்லை. சுடுகிற பாத்திரம் என்று தெரிந்தபிறகு மெதுவாக எடுப்பார்களே, அப்படி.

அப்போதுதான் மேசைமேல் இருந்த எவர்சில்வர் டம்ளர் லேசாக நடுங்கியது. தொலைவில், பூமிக்குள் யாரோ மூட்டையை இறக்கியதுபோல் ஓர் அதிர்வு. மூவருக்கும் அது என்னவென்று தெரியும். கமலவேணியின் கண் தன்னையறியாமல் சுவர்க்கடிகாரத்துக்குப் போனது. ஒன்று முப்பத்தாறு. நாற்பத்துநாலு வயதில் வெடி கேட்டதும் மணி பார்த்தது இதுவே முதல் தடவை.

“ஒன்றரை வருசம்” என்றாள் தமிழ்மொழி. “அம்மாவ நான் திட்டுனப்பல்லாம் பக்கத்துலதான உக்காந்திருந்த? புத்தி கெட்டவன்னேன். என்னைய நெனக்கலன்னேன். கேட்டுகிட்டேதான இருந்த?”

“ஆமா.”

“போறப்ப அது என்ன சொன்னுச்சு?”

“ஒன்னும் சொல்லல. சிரிச்சா. நீதான் பெரிய சூரப்புலியாச்சே, கட்டில்லயே கெடன்னு சொல்லிட்டு, சிரிச்சுகிட்டே சாக்கத் தலையில போட்டுகிட்டுப் போனா.”

அவள் பையைத் தோளில் சரி செய்தாள். அழவில்லை. “மேடம், பெரம்பலூர் பஸ்ஸுக்கு ஸ்டாண்டுக்குப் போகணுமா, இங்கயே நிக்குமா?”

“எதிர்லயே நிக்கும்மா.”

படியிறங்கிப் போனாள். வெயிலில் ரோட்டைக் கடந்து நிழற்குடையின் அந்தக் கோடியில், இந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

கமலவேணி ஐந்தாவது பத்தியையும் படித்தாள். மணி எப்படி வந்தது, யார் போட்டது, எதைப் படித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்கினாள் என்பது. அதோடு சேர்க்க வேண்டிய தன் அபிடவிட்டை அவள் முந்தின நாளே கையெழுத்திட்டு வைத்திருந்தாள். அதற்குள் விஷயம் கோர்ட்டு வளாகத்தைச் சுற்றிவிட்டது. அந்த வாரம் தமிழழகன் ஆபீசிலிருந்து ஒரு கேஸ் கட்டுக்கூட வரவில்லை. வேறு இரண்டு வக்கீல்கள் பழைய நகல்களைக் கேட்டு ஆளனுப்பியிருந்தார்கள். அலமாரியில் இரண்டு தட்டு காலி.

“இங்க கையெழுத்துப் போடுங்கண்ணே.”

அவர் பேனாவை வாங்கினார். போடவில்லை.

“அதயும் எழுதணும்மா.”

“எத?”

“சிரிச்சான்னு.”

“விசாரணைக்கு அது தேவைப்படாதுண்ணே. நேரம், சங்கு, யாரு அனுப்புனா, அதான் பாப்பாங்க.”

“தேவைப்படாதுன்னா? நடந்ததுதான?” அவர் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார். உடனே இறக்கினார். “சங்கு எழுதுனீங்க, மழ எழுதுனீங்க, நான் கட்டில்ல கெடந்தத எழுதுனீங்க. அவ என்னய நம்பித்தாம்மா சிரிச்சா. அத வுட்டுட்டா அப்புறம் என்ன எழுதி என்ன?”

கமலவேணி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். நான்காவது பத்தியின் கடைசியில் ஒரு வரி சேர்க்க வேண்டும். சிரித்தாள் என்பதற்கு இங்கிலீஷில் எத்தனையோ சொற்கள் உண்டு. கேலியாக, வெட்கமாக, அடக்க முடியாமல். எது என்று கேட்கத் திரும்பினாள். அவர் ஜன்னல் வழியே நிழற்குடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எளிய சொல்லாகவே போட்டாள். தாளை மறுபடி எடுத்தாள். அந்த வரியை மட்டும் படித்துக் காட்டினாள்.

“சரிங்களா?”

“சரி.”

அவர் பெயரை எழுத்துக் கூட்டி எழுதி முடிக்க வெகுநேரம் பிடித்தது. அதற்குள் பெரம்பலூர் பஸ் வந்து நின்று கிளம்பிப் போயிற்று. நிழற்குடையில் யாரும் இல்லை. அவர் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு போய், மகள் நின்ற அதே கோடியில் நின்றார். அவருடைய பஸ் எதிர்த்திசையில் போகிறது, ரோட்டின் இந்தப் பக்கம்தான் நிற்கும். கூப்பிட்டுச் சொல்ல வேண்டுமென்று கமலவேணி வாசல்வரை வந்தாள். சொல்லவில்லை. நிழற்குடையைப் பார்த்தபடி வாசலிலேயே நின்றாள்.